நாற்பது அடிக்குள் ஒரு குடும்பம்: வீட்டைக் குறைத்துப் பாய்மரப் படகில் குடியேற ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அனாப்பொலிஸிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்தது. நான்கு படுக்கையறை, ஒரு பேஸ்மென்ட், இரண்டு கார் நிற்கிற கராஜ். அங்கிருந்து ஒரு நாற்பது அடிப் பாய்மரப் படகுக்குக் குடிபோக எங்களுக்கு 19 மாதம் பிடித்தது. நான், என் கணவர், அப்போது பதினொரு வயதான மகள், ஏழு வயதான மகன் என நான்கு பேர்.

இந்த 19 மாதத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு, முதல் ஐந்து மாதத்தைப் படகு தேடுவதில் செலவழித்தது. எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கியபின் விற்பனைக்கு வந்த படகுகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். உண்மையில் முதலில் தெரிய வேண்டியது உங்கள் குடும்பம் எதை விட முடியாது என்பதுதான். அது தெரிந்துவிட்டால் எத்தனை கேபின், எவ்வளவு பேட்டரி, எவ்வளவு தண்ணீர் என்று படகின் அளவு தானாக வந்துவிடும். இந்த வழிகாட்டியை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: யாரிடமும் சொல்லும் முன் தண்ணீரில் இருந்து பாருங்கள்

பெரியவர்கள் இருவரும் படகோட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் கூட இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஓட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டாலோ தண்ணீரில் விழுந்துவிட்டாலோ, மற்றவர் தனியாகப் பாயை இறக்கி, எஞ்சினைப் போட்டு, படகைத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏஎஸ்ஏ என்ற அமைப்பின் 101, 103, 104 என்ற மூன்று வகுப்புகள் இதற்கு நல்ல அடித்தளம். மூன்றையும் நாங்கள் தனித்தனியாக, வேறு வேறு வாரங்களில் படித்தோம். ஒன்றாகப் படித்திருந்தால் நான் அவரைப் பார்த்தே கயிற்றைப் பிடித்திருப்பேன்.

அப்புறம் ஒரு வாரம் வாடகைக்குப் படகு எடுத்துப் பிள்ளைகளோடு இருங்கள். எங்கள் பக்கத்துச் செசபீக் விரிகுடாவில் என்றால் ஜூலையில் எடுங்கள். புழுக்கம் தாங்காது, மாலையானால் இடி மழை வரும், தண்ணீரில் இறங்கினால் சொறிமுட்டை என்று ஊரில் சொல்கிற ஜெல்லிமீன் கடிக்கும். அந்த வாரம் முடிந்தபின்னும் பிள்ளைகள் "மறுபடி எப்போ?" என்று கேட்டால் மேலே படியுங்கள். அக்டோபர் மாதத்து இதமான வெயிலில் போய்விட்டு வந்து முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: விசா, குடியுரிமை, வேலை

பாய்மரப் படகு வாழ்க்கை பற்றி வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்கள் எழுதுபவை. நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள சிக்கல் அவற்றில் இருக்காது. அதனால் இதை முன்னால் வைக்கிறேன்.

எச்-1பி விசாவில் இருந்தால், நீங்கள் வேலை பார்க்கும் இடம் மனுவிலேயே எழுதப்பட்டிருக்கும். வேறு பெருநகரப் பகுதிக்கு வேலையிடம் மாறினால் கம்பெனி திருத்த மனு போட வேண்டும். வாரத்துக்கு ஒரு துறைமுகம் என்று நகர்கிற வாழ்க்கைக்கு இது ஒத்துவராது. கிரீன் கார்டு இருந்தால் நாட்டுக்குள் நகரலாம். ஆனால் குடியுரிமைக்குக் காத்திருப்பவர்கள் நாட்களை எண்ண வேண்டும். வழக்கமான ஐந்தாண்டு வழியில் விண்ணப்பிப்பவர் அதில் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்வார்கள். பஹாமாஸ் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் அது வெளிநாடு, அங்கே நங்கூரம் போட்டுக் கிடக்கும் நாட்களும் கணக்கில் கழியும். கடலோரக் காவல்படையின் தேசியப் பதிவும் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உள் கொள்ளளவு குறைந்தது ஐந்து நெட் டன் உள்ள படகாக இருந்து, உரிமையாளர்கள் எல்லோரும் குடிமக்களாகவும் இருந்தால்தான் அது கிடைக்கும். மற்றவர்கள் மாநிலப் பதிவு வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் குடியுரிமை கைக்கு வரும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை, வீட்டைக் காலி செய்ய அவ்வளவு நாள் தேவைப்பட்டது.

ஊரில் பெற்றோர் இருப்பவர்கள் இன்னொன்றையும் உட்கார்ந்து பேச வேண்டும். "வீட்டில் அவசரம்" என்று போன் வந்தால் எத்தனை மணி நேரத்தில் விமானம் ஏற முடியும்? நாங்கள் தங்கப்போகும் ஒவ்வொரு பகுதிக்கும் அருகிலுள்ள விமான நிலையம் எது, படகை யார் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளைகளோடு யார் இருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்தோம். பயணச்சீட்டுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, அதை எதற்கும் தொடுவதில்லை. மதுரையில் இருக்கும் என் அத்தை முதலில், "ஏம்மா, பிள்ளைகளை வச்சுக்கிட்டுத் தண்ணியில என்னம்மா குடித்தனம்?" என்று கேட்டார். அந்தத் தாளை வீடியோ காலில் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அவர் பயம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் படி: படகைத் தரையில் வரையுங்கள்

நாற்பது அடிப் படகின் அகலம் அதிகம் போனால் 12, 13 அடி. முன்னும் பின்னும் குறுகிக்கொண்டே போகும். பேஸ்மென்ட் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு படகின் உள் அமைப்பை அப்படியே ஒட்டினோம். நடு அறை, சமையல் மூலை, கழிப்பறை, இரண்டு கேபின், எல்லாம் உண்மையான அளவில். பிறகு மூன்று வார இறுதிகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தோம். சாப்பாடு, பாடம், சண்டை, தூக்கம் எல்லாம் அங்கேதான்.

இந்த ஒரு வேலைக்கு ஆகும் செலவு நாலு சுருள் டேப். எந்தப் படகுக் கண்காட்சியும் தராத அறிவை அது தந்தது. இரண்டாம் நாளே மகள், தனக்குக் கதவு உள்ள ஓர் இடம் வேண்டும் என்றாள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். கணவருக்கு வேலை பார்க்கக் கால் நீட்டி உட்காரும் மேசை வேண்டும். மகனுக்கு அவன் வயலின். எனக்கு கிரைண்டர். இந்த நான்கும்தான் எங்கள் பேரத்துக்கு அப்பாற்பட்ட பட்டியல். மற்ற எதுவும் போகலாம்.

கிரைண்டரைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர் 150 வாட் இழுக்கும். அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி. அதே அரை மணி நேரம் 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை எரித்தால் 900 வாட்-மணி. வாரத்துக்கு ஒரு முறை மாவாட்டுவது படகின் மின்சாரத்துக்கு ஒரு பாரமே இல்லை, அதன் எடைதான் பாரம். அதை எங்கே வைப்பது என்ற கேள்விதான் எங்கள் சமையல் மூலையின் அமைப்பையே தீர்மானித்தது. தரையை ஒட்டிய, அசையாத, கதவு பூட்டுகிற ஓர் அலமாரி உள்ள படகு வேண்டும் என்று தேடினோம். உங்கள் வீட்டில் அது தையல் மெஷினாக இருக்கலாம், பாட்டியின் பூஜைப் பெட்டியாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த டேப்.

நான்காம் படி: பொருள்களைக் கழிப்பது

இதற்கு ஒரு வருடம் ஒதுக்குங்கள். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும், முடியாது.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் இடத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். எங்கள் அளவுப் படகு ஒரு அங்குலம் கூடுதலாக அமிழ ஏறக்குறைய 1,200 முதல் 1,500 பவுண்டு வரை போதும். ஒரு குடும்பம் தன் சாமான்களை ஏற்றினால் இரண்டு மூன்று அங்குலம் சாதாரணமாக இறங்கிவிடும். இறங்கிய படகு மெதுவாக ஓடும், அலையில் கனமாக ஆடும். ஒரு பக்கமாக ஏற்றினால் சாய்ந்தே நிற்கும். ஆகவே "இடம் இருக்கிறதே" என்பது ஒரு பொருளை வைத்துக்கொள்ளப் போதுமான காரணம் ஆகாது.

உணர்ச்சி ஒட்டாத இடத்தில் தொடங்குங்கள். முதல் மாதம் கராஜ். புல்வெட்டும் மெஷின், ஏணி, பனி வாரும் மெஷின், பெயிண்ட் டப்பாக்கள். இரண்டாம் மாதம் விருந்தினர் அறையும் அதன் மெத்தைகளும். அப்புறம் துணி. பிள்ளைகளின் பொம்மைகளை நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்து, "இதற்குள் எது வேண்டுமானாலும் உன் இஷ்டம்" என்று விட்டுவிடுங்கள். என் மகன் பெட்டியில் பாதிக்குக் கூழாங்கல் நிரப்பினான். எடை என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். மூன்று வாரத்தில் அவனே பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தோட்டத்தில் அடுக்கிவிட்டு வந்தான்.

தாள்கள்: வரி ஆவணங்கள், பள்ளிச் சான்றிதழ், பழைய போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். அசல்களில் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், படகுப் பத்திரம் ஆகியவை மட்டும் தண்ணீர் புகாத பையில் படகுக்கு வரும். ஆல்பங்களைப் படகுக்குக் கொண்டுவராதீர்கள், ஒரே மழைக்காலத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடும். தோல் செருப்பு, தோல் பெல்ட், தோல் பை எல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

பட்டுப்புடவைக்கும் இதே கதிதான். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்றில் ஜரிகை கறுத்துவிடும். என் முகூர்த்தப் புடவையையும் மற்ற பட்டுகளையும் நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். "உடுத்திக்கோ, மடித்து வைக்காதே" என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. நகைகள் வங்கி லாக்கருக்குப் போயின. படகில் இருப்பது இரண்டு பருத்திப் புடவைகள்.

கடைசியில் மிஞ்சுவது நமக்குச் சொந்தமில்லாத பொருள்கள். பத்திரப்படி நம்முடையவைதான், ஆனால் அம்மாவோ ஆத்தாவோ நம் கையில் கொடுத்துவிட்டுப் போனவை. பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, கொலு பொம்மைகள். இவற்றில் நான் நான்கு மாதம் மாட்டிக்கொண்டேன். தூக்கி எறிய முடியாது, விற்க மனம் வராது, படகிலும் வைக்க முடியாது. கடைசியில் எனக்கு உதவியது, "யாரிடம் இருந்தால் இது புழக்கத்தில் இருக்கும்?" என்ற ஒரு கேள்வி. கொலு பொம்மைகள் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் பழகிய ஒரு தோழி வீட்டுக்குப் போயின. ஒவ்வொரு நவராத்திரிக்கும் படியில் ஏறுகின்றன, படம் அனுப்புகிறாள். மண்பொம்மைகள் படகில் உடைந்துபோயிருக்கும். அம்மா கும்பகோணத்தில் வாங்கித் தந்த மரப்பாச்சி ஜோடி மட்டும் என்னோடு வந்தது, அது மரம். குத்துவிளக்கு அம்மாவிடமே திரும்பப் போனது. அடுத்த முறை ஊருக்குப் போகும் உறவினர் பெட்டியில் ஐந்து கிலோ இடம் கேட்டு அனுப்பினோம். இந்த வேலையை அம்மா, அத்தை ஆகியோரிடம் முன்கூட்டியே பேசிச் செய்யுங்கள். கொடுத்துவிட்டுச் சொன்னால் புண்படுவார்கள். கேட்டுவிட்டுக் கொடுத்தால், யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

ஸ்டோரேஜ் வாடகைக்கு எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். "முடிவெடுக்க முடியாதவை" என்று 23 பெட்டியை ஓர் அறையில் போட்டுப் பூட்டி மாதாமாதம் பணம் கட்டினோம். பதினான்கு மாதம் கழித்துத் திறந்தபோது, கூரை ஒழுகிப் புத்தகங்கள் பாசி பிடித்துக் கிடந்தன. உள்ளே என்ன இருந்தது என்று பாதிக்கு மேல் எங்களுக்கு நினைவே இல்லை. அந்தப் புத்தகங்களைப் பதினான்கு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தால் யாராவது படித்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது. உறவினர் வீட்டில் ஒரே ஒரு டிரங்குப் பெட்டி, அதற்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் படி: படகு

இப்போது தேடலாம். எங்களுக்கு வேண்டியது: கதவு உள்ள இரண்டு கேபின், நடுவில் படுக்கையாக மாறும் இருக்கை, உட்கார்ந்து வேலை பார்க்கும் மேசை, கிரைண்டர் அலமாரி. அதோடு நாங்கள் பஹாமாஸுக்குப் போகும் வழியும் இரண்டு அளவுகளைத் தீர்மானித்தது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய உள்நாட்டு நீர்வழி, வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கி மயாமி வரை ஏறக்குறைய 1,090 மைல். அதன் மேலுள்ள, திறந்து வழிவிடாத நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரத்துக்குக் கட்டப்பட்டவை. பாய்மரம் அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், உச்சியில் உள்ள ஆண்டெனாவையும் சேர்த்து அளக்க வேண்டும். பஹாமாஸில் ஆழம் குறைவு, தண்ணீருக்குள் ஐந்து அடிக்கு மேல் இறங்காத அடிப்பாகம் இருந்தால் நங்கூரம் போட இடங்கள் நிறைய.

வயதான ஃபைபர் கிளாஸ் படகைக் கண்டு பயப்பட வேண்டாம். எங்களுடையது முப்பது வயதைத் தாண்டியது. ஆனால் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் இல்லாமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்ற சர்வேயர் அமைப்பில் அங்கீகாரம் பெற்றவரை நீங்களே தேடி அமர்த்துங்கள், விற்பவர் கைகாட்டும் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும், பாய் விரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்கும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கும் தனி ஆள் வைத்தால் இன்னும் நல்லது.

நாங்கள் முதலில் மயங்கிய படகு ஒன்று இருந்தது. உள்ளே தேக்குப் பலகை பளபளவென்று இருக்கும். விற்பனை முகவர், "இன்னொருவர் நாளைக்கே பணம் கட்டத் தயார்" என்று அவசரப்படுத்தினார். சர்வேயர் ஒரு சின்னச் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கணீரென ஒலி வந்தது. பாய்மரக் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடத்துக்கு வந்ததும் "தொப்" என்று ஒலி மாறியது. தளத்தின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். ஓட்டை வழியாக மழைநீர் பல வருடம் இறங்கி அந்த மரத்தை ஊறவைத்திருந்தது. பழுது பார்க்கும் செலவு படகின் விலையில் கால்வாசியைத் தொடும் என்றார். விட்டுவிட்டோம். மகள் இரண்டு நாள் பேசவில்லை. அந்த "தொப்" ஒலிக்கு நாங்கள் கொடுத்த கட்டணத்தைவிடப் பிரயோஜனமாக வேறெதற்கும் செலவழித்ததில்லை.

கையெழுத்துப் போடும் முன்பே இன்சூரன்ஸ் கேட்டுவிடுங்கள். படகு அனுபவம் இல்லாதவருக்கு நாற்பது அடிப் படகுக்குக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும். குடியிருக்கப் போகிறோம் என்றால் இன்னும் கேள்வி கேட்பார்கள். பாய்மரக் கம்பிகளின் வயதைக் கேட்பார்கள், பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் என்றால் மாற்றச் சொல்வார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம், அந்த மாதங்களில் படகு எந்த எல்லைக்கு வடக்கே இருக்க வேண்டும் என்பதும் பாலிசியில் இருக்கும். உங்கள் ஒரு வருடப் பயணத் திட்டமே அந்த வரியில் அடங்கிவிடும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடாந்தரப் பராமரிப்புக்கு ஒதுக்குவது படகுக்காரர்களின் பழைய கணக்கு. பழைய படகானால் முதல் வருடம் அதற்கும் மேலே போகும்.

ஆறாம் படி: முகவரி, பள்ளி

அஞ்சலுக்கு ஃபுளோரிடாவில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் உள்ள செயின்ட் பிரெண்டன்ஸ் ஐல் போன்ற சேவைகள் இருக்கின்றன. உறையின் படத்தைக் காட்டி, நீங்கள் சொன்னால் பிரித்து ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஆனால் வங்கிகள் வசிக்கும் முகவரி ஒன்றும் கேட்கும், அதை வீடு விற்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடும் மாநிலத்தோடு கட்டுப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டுக்கல்விச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மேரிலாந்தில் தொடங்குவதற்கு 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், பிள்ளையின் வேலைகளை வருடத்துக்கு மூன்று முறை வரை பார்வையிடக் கேட்பார்கள். ஃபுளோரிடாவில் தொடங்கி 30 நாளுக்குள் கடிதம், வருடத்துக்கு ஒரு மதிப்பீடு. காலை எட்டு முதல் பதினொன்றரை வரை பாடம், அதற்குள் படகு நகராது என்று வைத்திருக்கிறோம். தமிழுக்கு, அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகப் பாடநூல்களைக் கொண்டுவந்தோம். படகில் தமிழ் வளர்ந்ததுதான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். நாள் முழுக்க நாங்கள் நால்வர் மட்டுமே பேசிக்கொள்வதால், வீட்டில் இருந்தபோது ஆங்கிலத்தில் பதில் சொன்ன மகன் இப்போது "அப்பா, நங்கூரம் இழுக்குது" என்று தமிழில் கத்துகிறான்.

ஏழாம் படி: சமையலும் தண்ணீரும்

நம் சமையலுக்குப் படகு நன்றாகவே ஒத்துவரும். பிரஷர் குக்கரைப் படகில் வாழும் பிற நாட்டவரும் விரும்பி வாங்குகிறார்கள். மூடி பூட்டிக்கொள்வதால் அலையில் கொதிநீர் சிந்தாது, கேஸ் பாதிக்கு மிச்சம். அரிசியும் பருப்பும் ஃபிரிட்ஜ் இல்லாமல் இருக்கும். புளி, மிளகாய் வற்றல், கருவடாம் எல்லாம் எடை குறைந்த சரக்கு. அரிசியைப் படகில் ஏற்றும் முன் நாலைந்து நாள் ஃபிரீசரில் வையுங்கள், வண்டு முட்டை செத்துவிடும். அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் விடாதீர்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்து வரும், ஒரு முறை குடியேறிவிட்டால் படகில் அதை ஒழிப்பது பெரும்பாடு. எல்லாவற்றையும் கரையிலேயே டப்பாவுக்கு மாற்றுங்கள்.

மாவு பொங்க இடம் எது? எஞ்சின் அறை. எஞ்சின் ஓடி நின்றபின் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு இருக்கும். ஏப்ரல் குளிரிலும் மறுநாள் காலை மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டிருக்கும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கேஸ் போய்விடும். படகில் அது கீழே இறங்கி அடித்தளத்தில் குளம்போலத் தேங்கும், ஒரு பொறி போதும். சிலிண்டர், வெளியே வடிகால் உள்ள தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். கசிவு உணரும் கருவியும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். சமையல் முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சில் கேஸை அடைப்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் பொறுப்பு, இருவரும் ஒருவரை ஒருவர் சரிபார்ப்பார்கள்.

எங்கள் தொட்டியில் 400 லிட்டர் பிடிக்கும். நாளுக்கு 40 லிட்டர் என்றால் பத்து நாள். அரிசி களைந்த நீரில் முதல் பாத்திரம் கழுவுவது, கடல்நீரில் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுவது எல்லாம், ஊரில் அடிபம்பில் குடம் வைத்து வரிசையில் நின்ற தலைமுறைக்குப் புதிதில்லை. கழிப்பறையைப் பொறுத்தவரை, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியே விடச் சட்டம் இடம் தராது. தொட்டியில் சேர்த்து, மெரினா என்ற படகுத்துறையில் உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும்.

எட்டாம் படி: பிள்ளைகளின் பாதுகாப்பு

தனி மாநில விதி இல்லாத இடங்களில், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஓடும் படகின் மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்பது கடலோரக் காவல்படையின் விதி. எங்கள் விதி அதைவிடக் கடுமை. கேபின் படியின் மேல் கால் வைத்தால் ஜாக்கெட், படகு கட்டிக் கிடந்தாலும் சரி. தளத்தைச் சுற்றி வலை கட்டினோம். ஓடும்போது முன்பக்கம் போகிறவர், பெரியவர் ஆனாலும், இடுப்புப் பட்டையைத் தளத்தில் நீளக் கட்டிய நாடாவில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேட்கத் தெரியும். படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து என்ற நான்கையும் எழுதி ரேடியோவுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். அவசர நேரத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியை வாங்கினால், மறக்காமல் நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பில் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத கருவி கூப்பிட்டால், யாரைத் தேடுவது என்று தேடுகிறவர்களுக்குத் தெரியாது.

ஒன்பதாம் படி: குடிபோகும் நாள்

வசந்தத்தில் குடியேறுங்கள். குளிர்காலத்தில் அனாப்பொலிஸ் பக்கத்து மெரினாக்களில் குழாய் உறையும் என்று தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். முதல் அனுபவமாக அது பிள்ளைகளுக்கு வேண்டாம். நாங்கள் ஏப்ரலில் ஏறினோம். வீட்டை அப்போது விற்கவில்லை, வாடகைக்கு விட்டோம். ஆறு மாதம் மெரினாவில் கட்டியபடியே இருந்து, வார இறுதிகளில் மட்டும் ஓட்டினோம். எது ஒழுகுகிறது, யாருக்கு எந்தப் படுக்கை சரிவரவில்லை, மெத்தைக்குக் கீழே எங்கே ஈரம் கோக்கிறது என்பதெல்லாம் அந்த ஆறு மாதத்தில் தெரிந்தது. மெத்தைக்குக் கீழே காற்றோடச் சட்டம் வைத்தது அப்போதுதான். கடைசிக் காரை அக்டோபரில் விற்றோம். அந்தக் கார் இல்லாமல் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி என்று முன்பே ஒத்திகை பார்த்திருந்தோம்.

அக்டோபர் நடுவில் நார்ஃபோக்கை நோக்கிக் கிளம்பி, நீர்வழியில் நிதானமாக இறங்கினோம். ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குக் கடக்க நல்ல வானிலைக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். அங்கே வளைகுடா நீரோட்டம் வடக்கே ஓடுகிறது. வடக்கிலிருந்து காற்று அடித்தால் ஓட்டத்துக்கு எதிராக அலை செங்குத்தாக எழும். காற்றில் "வ" என்ற எழுத்து இருந்தால் கிளம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், வடக்கு, வடகிழக்கு, வடமேற்கு எதுவானாலும்.

பத்தாம் படி: கிளம்பிச் சில மாதம் ஆனபின் மறுபடி கழியுங்கள்

முதல் தடவை எவ்வளவு கறாராகக் கழித்திருந்தாலும், படகில் வாழ்ந்து பார்த்தபின்தான் எது தேவையில்லை என்று தெரியும். மார்ச் மாதம் பஹாமாஸின் எக்சூமா தீவுகளில் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்தபோது எல்லா அலமாரியையும் காலி செய்து தளத்தில் பரப்பினோம். ஒரு முறைகூடத் தொடாதது எது என்று பார்த்தோம். குளிர்கால ஜாக்கெட் மூன்று, ஆறு பேருக்கான தட்டுகளில் இரண்டு, சாப்பாட்டு மேசை விரிப்பு, ஒரு டோஸ்டர், கணவரின் இரண்டாவது மானிட்டர். பக்கத்தில் பிள்ளைகளோடு வந்திருந்த படகுக் குடும்பங்களுக்குச் சிலவற்றைக் கொடுத்தோம், மீதியைக் கரையிலிருந்த தேவாலயத்தில் சேர்த்தோம்.

மரப்பாச்சி ஜோடியை மேசைக்கு மேலுள்ள தட்டில், உருளாதபடி ஒரு கயிற்றால் கட்டி வைத்தேன். டோஸ்டரும் மானிட்டரும் இருந்த அலமாரியில் இப்போது இருபது கிலோ பொன்னி அரிசி இருக்கிறது.